இருநூற்றேழில் வைத்த கைக்கடிகாரம்

அந்த விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கெல்லாம் தலைவி அவள்தான். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவள் கேள்வியே கேட்கமாட்டாள். வாயால் யார்தான் நல்லவளில்லை? விலையுள்ள பொருள் ஒன்றைக் காலி அறையில் யாரோ மறந்ததுபோல் வைத்துவிட்டு, சுத்தம் செய்ய அனுப்புவாள். பொருள் கைக்கு வந்தால் வேலை. வராவிட்டால் வாசல்.

இப்போது ஆள் தேவைப்பட்டதே ஒரு திருட்டால்தான். போன மாதம் இருநூற்றேழாம் அறையில் தங்கிய அம்மாளின் வைரத்தோடு ஒன்று காணாமல் போனது. அந்த மாடியை ஆறு வருஷமாய்ப் பார்த்தவள் சிட்டு. "அக்கா, கட்டில் தலைமாட்டுக்குப் பின்னாடி ஒரு தடவை பாருங்கக்கா" என்று காலில் விழாத குறையாய்க் கெஞ்சினாள். தலைமாட்டுப் பலகையைச் சுவரோடு திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். அதன் பின்னால் எறும்பு நுழையுமா? பூதக்கண்ணாடி பார்க்கவேயில்லை. சீருடையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

"அடுத்தவளும் கை நீளமா இருந்தா, அவளோட சேர்ந்து நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அதனால் இன்றைக்கு வேலை கேட்டு வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெரிய ஹோட்டலில் எட்டு வருஷம் இருந்தவளாம். இந்தச் சின்ன இடத்துக்கு ஏன் வரவேண்டும்? வழக்கத்தை மீறிக் கேட்டேவிட்டாள்.

"வீடு பக்கம்க்கா. அம்மா படுத்த படுக்கை. மத்தியானம் ஒரு எட்டு ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

பதில் சட்டென்று வந்தது. சந்தேகப்பட அது போதாதா?

இருநூற்றேழின் மேஜை இழுப்பறையில் ஒரு கைக்கடிகாரத்தைப் போட்டுவிட்டு அவளை அனுப்பினாள். ஓர் அறைக்கு நாற்பது நிமிஷம். ஒரு மணி நேரமாயிற்று, ஆளைக் காணோம். அகப்பட்டாயா மகளே என்று விறுவிறுவெனப் படியேறினாள்.

புதியவள் மெத்தைமேல் மண்டியிட்டு, கம்பி ஹேங்கர் ஒன்றை நிமிர்த்தி, பலகைக்கும் சுவருக்கும் நடுவே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே அங்க?"

"இங்கதான்க்கா அழுக்கு அடையும். சுவரோட ஒட்டியிருக்குன்னு யாரும் பார்க்கமாட்டாங்க." கம்பியில் ஒரு தூசுச் சுருள் சிக்கி வந்தது. அவள் அதைப் பிரித்தாள். உள்ளே வைரத்தோடு. "அட! இதையும் வச்சுக்கங்க. கடிகாரம் மேஜைமேல இருக்கு."

இவளே கொண்டுவந்து போட்டிருப்பாளோ? பூதக்கண்ணாடிக்கு அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது. தோட்டின் திருகில் ஒரு மாதத்துத் தூசு பின்னிக் கிடந்தது. சீ, நானும் ஒரு பொம்பளையா என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"வேலை கிடைக்குமாக்கா?"

"கிடைக்கும். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா இந்த மாடி உனக்கில்ல, இதுக்கு ஆள் இருக்கு."

விரித்து வைத்த படுக்கைமேலேயே பொத்தென்று உட்கார்ந்து சிட்டுவுக்கு போன் போட்டாள். அவள் ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"அக்கா, பார்த்தீங்களா?"

பூதக்கண்ணாடி உள்ளங்கையில் இருந்த தோட்டைப் பார்த்தாள்.

"நான் பார்க்கலடி. புதுசா வந்தவ பார்த்தா" என்றாள்.