கோரை தின்ற ஈயம்

பேட்டரித் தொழிற்சாலையில் கோரை வளர்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கழிவுநீரில் இருக்கும் ஈயத்தை என் கோரைதான் இழுக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம், "செடி விஷத்தைத் தின்னுடும்" என்பேன். தின்னும், ஆனால் செரிக்காது. வேரிலும் தண்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் அறுத்த கோரையை சிமென்ட் குழியில் கொட்டி மூட வேண்டும். வண்டியில் ஏற்றிப்போய்க் கொட்டுகிற வேலையை என் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

தம்பி மாடு வைத்திருக்கிறான். என் மகள் தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து தினமும் தூக்குவாளியில் பால் கொண்டுவருவான். "பாப்பாவுக்குக்கா. ஒரு சொட்டு தண்ணி கலக்கல." அவள் உதட்டில் வெள்ளை மீசையோடு சிரிப்பாள். எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

நேற்று குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நாங்கள் அறுத்த அறுப்புக்கு அது நிரம்பி வழிந்திருக்க வேண்டும். அடியில் ஏதோ கொஞ்சம் கிடந்தது. நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். மாடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. தொட்டி நிறைய என் கோரை.

"என்னடா இது?"

தலையைச் சொறிந்தான். "தீவனம் கிடைக்கலக்கா. செடி விஷத்தைத் தின்னுடும்னு நீதானே சொன்ன. தின்னா செரிச்சிருக்கும்னு நினைச்சேன். சத்தியமா தெரியாது."

மடையன், மடையன் என்று வாய் வலிக்கத் திட்டினேன். ஆனாலும் நம்பிவிட்டேன். கூடப்பிறந்தவனை வேறெப்படி நினைப்பது?

"பாப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். உன் பையனையும் கிளப்பு. அவனும் இந்தப் பாலைத்தானே குடிக்கிறான்."

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அவனுக்கு பாக்கெட் பால்தானே அண்ணி. வண்டி வேலை கிடைச்சதுமே, வீட்டுப் பால் வேணாம்னு இவர் சொல்லிட்டாரே."

தெரிந்திருக்கிறது. பாவிக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கிறது.

"உன் பிள்ளைக்கு நிறுத்தினியே, என் பிள்ளைக்கு ஏண்டா நிறுத்தல?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"நிறுத்தினா, ஏன்னு நீ கேப்பியேக்கா."