கப்பல் காத்து நிற்கும்

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு என் மகள் சாருஜா லப்டொப்பை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எந்தத் தீவில் இறங்கி எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றாள். நான் கேளாத மாதிரிச் சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கினேன்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தகப்பன் சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றதற்கு அவள் தந்த பரிசு, நாங்கள் இரண்டு பேரும் போகிற இந்தக் கரீபியன் கப்பல் பயணம். மயாமியில் ஏறினால் ஒரு கிழமை. வழியில் மூன்று தீவுகள். பனியிலே நடந்து காலம் போக்கிய மனிதர் ஒரு தடவையாவது மணலில் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். எங்கள் கோட்-டெ-நெய்ஜ் கட்டிடம் முழுக்க அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். அது தைப்பொங்கல் நேரம்.

பங்குனியில் ஒருநாள், பால் வாங்க மூலையிலுள்ள தெப்பனர் சில்லறைக் கடைக்குப் போன என் கணவர் கணேசலிங்கம் திரும்பி வரவில்லை. தேடிப் போனால் பால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பில் இருக்கிறார்.

"வேலைக்கு நேரம் போகுது, பஸ்ஸைக் காணேல்லை" என்றார்.

எந்த வேலை என்று நான் கேட்கவில்லை. "இண்டைக்கு லீவெல்லோ, வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை பக்கத்துக் கட்டிடத்துக் கதவில் எங்கள் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். அதையும் குளிரில் பூட்டு இறுகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. சாருஜாவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது. பொடியனின் தாய் புஷ்பவதி, பக்கத்துப் பகுதியான நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறவர், சாதகத்தைப் பார்க்க முதல் குடும்பத்தில் ஆருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று துருவுகிற ஆள். போன மாதம் தொலைபேசியில் என் தாய் எதனால் செத்தார் என்று இரண்டு தரம் கேட்டார். இந்தச் செய்தி அவர் காதுக்குப் போனால் பேச்சு அன்றோடு நிற்கும். பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்து முடியட்டும், பிறகு இவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோம் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். என் கணவருக்கே தன் மறதி பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

"டொல்ஃபினோட நீந்தலாம்" என்று சாருஜா வாசித்தாள். "குகைக்குள்ள போகலாம். இல்லாட்டி நீங்களே இறங்கி உங்கட பாட்டில சுத்தலாம். ஆனா அப்பிடிப் போனா சொன்ன நேரத்துக்கு வந்திடோணும். பிந்தினா கப்பல் போயிடும். கப்பல்காரர் கூட்டிக்கொண்டு போற சுற்றுலாவெண்டா மட்டும் காத்து நிக்கும்."

கப்பல் போயிடும் என்பதை அவள் பஸ் போயிடும் என்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கோ எல்லாம் கண்முன்னே வந்துவிட்டது. முன்பின் தெரியாத தீவு. ஒவ்வொரு கதவாகத் திறப்பைப் போட்டுப் பார்க்கிற மனிதர். வந்த கப்பலின் பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் மேல்தட்டில் நின்று கத்துகிறேன், அவர் பஸ் தரிப்பைத் தேடிக்கொண்டு மற்றப் பக்கம் போகிறார்.

"நாங்கள் இறங்கேல்லை" என்றேன். "கப்பலுக்குள்ளயே இருப்பம். சாப்பாடு தாறாங்கள்தானே."

"கப்பலுக்குள்ளயே இருக்கிறதுக்கு ஏனம்மா அவ்வளவு தூரம் போவான்? எங்கட பாத்டப்புக்குள்ள தண்ணி விட்டிட்டு இருங்கோவன்."

வாய் அப்படியே என்னுடையது. வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன்.

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு நடக்கத்தானே விருப்பம். தனிய இறங்கி ஊரைச் சுத்துங்கோ."

பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாமல் இந்த நகரத்துக்கு வந்து, ஒருவரிடமும் வழி கேளாமல் தெருத்தெருவாக நடந்தே ஊரைப் படித்தவர் அவர். வழி கேட்பது அவருக்கு மானக்கேடு. ஓம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? உண்மையைச் சொன்னால் பிள்ளையின் கலியாணம் குழம்பும். சொல்லாவிட்டால் மனுசனைத் தொலைத்துவிடுவேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தார். "இந்தக் கப்பல்காரரின்ர பஸ்ஸில போறது என்ன பிள்ளை?"

"அது சரியான போர் அப்பா. ஒரு ஆள் கொடி பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போகும். எல்லாற்ற சட்டையிலயும் ஸ்டிக்கர் ஒட்டி விடுவினம்."

"ஆக்களை எண்ணுவினமோ?"

"ஓம், ஒவ்வொரு இடத்திலயும். ஆள் குறைஞ்சா பஸ் வெளிக்கிடாது."

"ஸ்டிக்கரில கப்பலின்ர பேர் இருக்குமோ?"

"இருக்கும் எண்டு நினைக்கிறன். ஏன்?"

"மூண்டு தீவுக்கும் அதையே போடு."

சாருஜா சிரித்தாள். "கார்டெரிப் பிள்ளையள் கயிறு பிடிச்சுக்கொண்டு போற மாதிரிப் போகப் போறியள்."

எங்கள் ஜன்னலுக்குக் கீழே காலையில் அந்தப் பகல் பராமரிப்பு நிலையக் குஞ்சுகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும்போது, கைதியளைக் கொண்டு போகினம் என்று வருடக்கணக்காகப் பகிடி விட்டவர் அவர். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஓம், அப்பிடித்தான்" என்றார்.

தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போனேன். கேத்தலில் தண்ணீர் பிடித்தேன். அவர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"நான் வேலையை ஏன் முந்தியே விட்டனான் எண்டு நினைக்கிறீர்? மருந்துப் பெட்டியளை மாத்தி அடுக்கத் தொடங்கிட்டன். ஆரும் காணமுன்னம் விட்டிட்டு வந்திட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"பிள்ளையின்ர எழுத்து முடியட்டும் எண்டு பாத்தன். பேந்து சொல்லுவம் எண்டு." கேத்தலை வாங்கி அடுப்பில் வைத்தார். "எனக்குப் பயமாக் கிடக்கு, பாலா."

ஊரில் ஷெல் விழுந்த சண்டைக் காலத்தில்கூட இந்த மனிதரின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

"எனக்கும்தான்" என்றேன்.

"அப்பா, அப்ப புக் பண்ணவோ?" என்று சாருஜா வெளியிலிருந்து கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் புஷ்பவதியை நினைத்தேன், கேட்கப் போகிற கேள்விகளை நினைத்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

"பொறு பிள்ளை. அதை மூடிப்போட்டு ஒருக்கா இஞ்ச வா."

கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. அவர் என் சட்டையின் கைநுனியைப் பிடித்துக்கொண்டார். அவள் வந்து எங்களுக்கு முன்னால் நின்ற பிறகும் விடவில்லை.