சீலைக் கதவு

வெல்லாவெளியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் குருக்கள்மடத்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூந்தலுக்குள் மறைந்திருந்த நிலக்சியின் ஒரு காதில் பொட்காஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வூதிய நிதிகளைப் பற்றிய தொடர் அது. பேசுபவர் பொருளியல் விரிவுரையாளர், சிரிக்கவே தெரியாத ஒரு பெண்மணி. தையல் ஆலை பஸ்ஸில் மற்றப் பெண்கள் பாட்டுக் கேட்க, இவள் கல்முனை வீதி நெடுகிலும் இதைத்தான் கேட்பாள். முதலில் பாதி விளங்கவில்லை. ஒருநாள் அந்தப் பெண்மணி, அரசாங்கம் கடன் வாங்கும் பெரிய இடங்களில் ஒன்று தொழிலாளரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதி என்றார். சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைக்கிற நிலக்சி அரசாங்கத்துக்கே கடன் கொடுத்தவள்! அன்றைக்கு மேற்பார்வையாளர் திட்டியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஒப்பேறாது. நிலக்சியின் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, பூச்சு இல்லை. வாசலுக்கு நிலை உண்டு, கதவு இல்லை. அம்மா பாலசுந்தரி பழைய சேலையொன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மிச்ச வேலைக்கு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கலியாணத்துக்காக வேலையை விட்டால் பெண்கள் அந்த நிதியை எடுத்துக்கொள்ளலாம். ஆலையில் எத்தனை பேரின் முதுமை இப்படிச் சீமெந்தாகிப் போயிற்று!

மாப்பிள்ளையின் மாமி சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"என்னகா, கதவு எப்ப வைக்கிற?"

"புள்ள இந்த மாசத்தோட வேலைய விடுறாள். காசு வந்ததும் வைப்பம்," என்றாள் அம்மா.

நிலக்சி காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"நான் விடல்ல மாமி. அந்தக் காசும் எடுக்கல்ல. அது நான் கிழவியானாப் பிறகு திங்கிற சோறு."

"சோறு போடப் புரிசன் வாறான்தானே?"

"வரட்டும். வந்தாலும் அது கிடக்கும். கதவு சம்பளத்துல வைப்பன். அதுவரைக்கும் சீலை தொங்கட்டும்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வீடு முடியாததால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. அரிசி ஆலையில் வேலை செய்யும் இந்த மாப்பிள்ளை சுபாகரனை நிலக்சிக்குப் பிடித்தும் இருந்தது, அதுதான் பெரிய கரைச்சல். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மாமி தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பினாள். "வா மனே, போவம்." சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சுபாகரனும் போனான். அவர்கள் வந்த வான் வண்டி உறுமத் தொடங்கியது. வாவிக் காற்றில் சேலை உள்ளே புடைத்தது.

அதற்கப்பால் செருப்புச் சத்தம் ஒன்று திரும்பி வந்து நின்றது.

"காதுல வச்சிருந்தீங்களே, அதுல அப்பிடி என்னதான் சொல்றாங்க?" சுபாகரனின் குரல்தான். கோபமா கேலியா, தெரியவில்லை.

"உங்கட காசும் அந்த நிதிக்குள்ளதான் கிடக்கு. கேட்டுப் பாருங்க."

இயர்போனை உள்ளங்கையில் வைத்து, சேலைக்கு வெளியே கையை நீட்டினாள். வானின் ஹோர்ன் ஒருமுறை அடித்தது. பிறகு விடாமல் அடித்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. இயர்போனுக்குள் அந்தப் பெண்மணி சிரிக்காமல் பேசிக்கொண்டேயிருந்தார்.