கையில் ஏறிய முள்

செல்வி இறந்து வருஷம் ஒன்று கடந்த பிறகும் பிராங்க்ளினும் சேவியரும் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவதை விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது.

பிராங்க்ளின் வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றுக்குப் பஸ் ஓட்டுகிறவன். சேவியர் திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியார். செல்வி என்கிற மரியசெல்வி பிராங்க்ளினுக்குத் தங்கச்சி, சேவியருக்குப் பெண்டாட்டி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடிவிட, தங்கச்சியைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது பிராங்க்ளின்தான். கட்டிக்கொடுத்த ஐந்தாம் வருஷம் மார்பில் கட்டி வந்தது. மதுரைக்கு அலைந்தார்கள். மருந்து ஏற ஏற முடி கொட்டியது, வாயில் எதை வைத்தாலும் குமட்டியது. ஒருநாள் அவளாகவே, "அண்ணே, ஜிலேபி மீன் கொழம்பு வச்சா ரெண்டு வாய் திம்பேன்" என்றாள். கடை மீனை வாங்கி வந்தால் ஐஸ் வாடை அடிக்கிறதென்று தட்டைத் தள்ளினாள். அன்றைக்குத் தொட்டு மாப்பிள்ளையும் மச்சானும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு குடகனாற்று அணைக்குப் போக ஆரம்பித்தார்கள். பிடித்து வந்த மீனில் அவள் உண்மையாகவே இரண்டு வாய்தான் தின்றாள். ஆனாலும் தின்றாள்.

அவள் போன பிறகு, கிடைக்கிற மீனைக் கரையில் ஆடு மேய்க்க வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பேர் வீட்டிலும் மீன் ஏறவில்லை.

அந்த ஞாயிறு வெயில் இறங்காமலே நின்றது. வந்ததிலிருந்து சேவியர் சரியாகப் பேசவில்லை. தக்கை அமிழ்ந்தபோதுகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, இழுக்குது பாருங்க."

சேவியர் தூண்டிலைத் தூக்கவில்லை. "மச்சான், ஒண்ணு சொல்லணும். எங்கம்மா நத்தத்துல ஒரு எடம் பாத்திருக்காங்க. பேசி முடிச்சுட்டாங்க."

பிராங்க்ளினுக்கு முதலில் ஏதோ வீட்டு மனை விஷயம் என்றுதான் பட்டது. பிறகுதான் புரிந்தது.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மச்சான். அம்மாவுக்கும் முடியல. சோறு பொங்கக்கூட..."

"நல்லது மாப்ள" என்றான் பிராங்க்ளின். "எம்புட்டு நாளைக்கு ஒத்தையில கெடப்பீங்க? நல்லதுதான்."

சொல்லிவிட்டு எழுந்தான். அவனுடைய தூண்டில் தண்ணீருக்குள் கிடந்த கருவேல மரத்தில் சிக்கியிருந்தது. வேறு நாளாக இருந்தால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து, தூண்டில் நரம்பை ஆட்டி ஆட்டி, பக்குவமாக விடுவித்திருப்பான். அன்றைக்கு நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, மரத்தையே பிடுங்குகிறவன் மாதிரி இழுத்தான். மரம் விட்டது. தண்ணீருக்குள்ளிருந்து சர்ரென்று பாய்ந்து வந்த தூண்டில் முள், முகத்துக்கு முன்னால் தூக்கிய இடது கையில் கட்டைவிரல் மேட்டுச் சதைக்குள் ஏறிவிட்டது.

கையைப் பார்த்தபடியே கரையில் உட்கார்ந்தான். முள்ளின் வளைவு முழுக்க உள்ளே போயிருந்தது. தண்டு மட்டும் வெளியே நின்றது.

சேவியர் ஓடிவந்தான். "ஐயோ மச்சான்! வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வண்டியில அம்புட்டு தூரம் குலுங்கிப் போனா இன்னும் உள்ளதான் போகும். சாயங்கால ஷிப்ட்டுக்கு நான் பஸ்ஸை எடுக்கணும். இங்கயே எடுத்துருவோம். பைக் பொட்டியில கட்டிங் பிளேயர் கெடக்கு, கொண்டாங்க."

"நானா?"

"பெறகு? ஒத்தக் கையால நானே எடுக்கவா?"

சேவியர் பிளேயரோடு வந்து முன்னால் மண்டிபோட்டான். அவன் ஊசியைக் கண்டாலே ஒதுங்குகிறவன். மதுரையில் நர்ஸம்மா செல்வியின் கையில் நரம்பு தேடும்போதெல்லாம் வராந்தாவுக்குப் போய்விடுவான். உள்ளே நின்று, "இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு" என்று தங்கச்சியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டது பிராங்க்ளின்தான். அதற்காக மாப்பிள்ளைமேல் அவனுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. இன்றைக்கு வந்தது.

சேவியர் தண்டைப் பிடித்து லேசாக இழுத்தான். பிராங்க்ளின் துடித்துப்போனான்.

"பின்னால இழுக்காதீங்க. நுனியில திருப்பிவிட்ட கொக்கி இருக்கு, சதையைப் பிச்சிரும். முன்னால தள்ளுங்க. நுனி வெளிய வரட்டும். கொக்கியை வெட்டிட்டா அப்புறம் வந்த வழியே வந்துரும்."

"இன்னும் உள்ள தள்ளச் சொல்றீங்களா மச்சான்?"

"தள்ளுங்க."

சேவியர் தள்ளினான். உள்ளே இருந்து தோல் சின்னக் கூடாரமாக எழும்பியது. வலி முழங்கை வரை ஏறியது. தோல் அவ்வளவு சீக்கிரம் கிழியவில்லை. "என்னால முடியல மச்சான்" என்று சேவியர் கையை எடுக்கப் போனான்.

"எப்பவும் இப்படித்தான! வெளிய ஓடிரணும் உங்களுக்கு!" பிராங்க்ளின் கத்தினான். "இன்னைக்கு ஓடாதீங்க! தள்ளுங்க!"

சேவியர் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லாமல் மறுபடி பிடித்து அழுத்தினான். பொட்டென்று நுனி வெளியே வந்தது, கூடவே ரத்தம். பிளேயரை வைத்து நறுக்கினான். கொக்கி தெறித்து எங்கோ மண்ணில் விழுந்தது. தண்டைத் திருப்பி இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

முள் வெளியே வந்த பிறகுதான் பிராங்க்ளினுக்கு அழுகை வந்தது. அடக்கம் செய்த அன்றைக்கு, ஆள் சொல்லி அனுப்புவது, பெட்டிக்குச் சொல்வது, கோயில் சாமியாரைப் பார்ப்பது என்று அலைந்துகொண்டே இருந்தவன் அழவே இல்லை. இப்போது ரத்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, வாயைத் திறந்து அழுதான். வலியால் அழுகிறான் என்று நினைத்து சேவியர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவிவிட்டான். கைக்குட்டையை இறுக்கிக் கட்டினான்.

"ஒரு புள்ளையாவது பெத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல அவ" என்றான் பிராங்க்ளின். "தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து போவேன். இனி என்ன மொறை சொல்லி நான் வருவேன்?"

"நீங்க எப்பவும் என் மச்சான்தான்."

"வர்ற பொண்ணுக்கு அண்ணன் தம்பி இருப்பாங்கள்ல. அவங்கதான் மாப்ள உங்களுக்கு மச்சான். அதுதான மொறை."

சேவியர் இரண்டு தூண்டில்களையும் சுருட்டிக் கட்டினான். பிறகு சேவியரே பைக்கை எடுத்து, அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வேடசந்தூரில் ஊசி போடவைத்து வீட்டில் இறக்கிவிட்டான். அன்றைக்கு பஸ்ஸை வேறு ஆள் ஓட்டினார்.

கை ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. பிராங்க்ளினின் மனைவி ஜீவிதா மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டே, "அவரும் மனுசன்தானங்க, எம்புட்டு நாளைக்குத்தான் தனியா இருப்பாரு" என்றாள். "நான் வேணாம்னா சொன்னேன்?" என்றான். அவன் வேண்டாமென்று சொல்லவில்லைதான்.

அடுத்த ஞாயிறு அவன் அணைக்குப் போகவில்லை. வழக்கமாகப் போகிற கோயிலை விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் சேவியரின் பங்குக் கோயிலுக்குப் பூசைக்குப் போனான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று. சேவியருக்கு அன்றைக்குத்தான் முதல் ஓலை. கடைசி பெஞ்சில், தூண் மறைவில் உட்கார்ந்தான். பூசை முடிகிற நேரம் சாமியார் மைக்கில் வாசித்தார்.

"நம் பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற மரியசெல்வியின் கணவர் சேவியர் என்பவருக்கும்..."

மீதி எதுவும் பிராங்க்ளின் காதில் ஏறவில்லை. அவள் போனதிலிருந்து யாரும் அந்தப் பெயரை இவ்வளவு சத்தமாக, முழுசாகச் சொல்லி அவன் கேட்டதில்லை. வீட்டில் அவனுக்குப் பயந்து ஜீவிதா சொல்லமாட்டாள். அணைக்கரையில் அவனும் சேவியரும்கூட அந்தப் பெயரைச் சுற்றிச் சுற்றித்தான் பேசுவார்கள்.

இரண்டாம் ஞாயிறும் போனான். மூன்றாம் ஞாயிறு சேவியர் அவனைப் பார்த்துவிட்டான். முன்வரிசையிலிருந்து திரும்பி, ஏதோ சொல்ல வருகிறவன் மாதிரி பாதி எழுந்தான். பிராங்க்ளின் கையை உயர்த்தி, உட்காருங்கள் என்று ஜாடை காட்டினான். சாமியார் வாசிக்க ஆரம்பித்திருந்தார். தங்கச்சியின் பெயர் அந்தப் பெரிய கோயிலுக்குள் ஒருமுறை எழும்பி, அடங்கியது.

அதற்குமேல் வாசிக்க ஓலை இல்லை. சனங்கள் எழுந்து வெளியே போனார்கள். கூட்டம் கலையும்வரை பிராங்க்ளின் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.