கையில் தெரியாத பாரம்

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கையில பாரம் தெரியுமா டாக்டர்?"

டாக்டர் விழித்தார். எனக்குப் புரிந்தது. இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கைப்பிடியை அசைத்தே கீழே கிடக்கும் பெட்டியைத் தூக்குவார். டாக்டரும் அறை மூலையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கைப்பிடியை அசைப்பாராம். ரோபோ வயிற்றுக்குள் வெட்டுமாம்.

"தொடுற உணர்ச்சி வராதுங்க. கண்ணால பார்த்தே பழகிடுச்சு."

இவர் முகம் சுண்டிப்போனது. புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுகூட, "சோம்பேறின்னு திட்டுவியே, பாரு, உள்ள ஒருத்தன் ஓயாம வளர்ந்துட்டிருக்கான்" என்று நக்கலடித்த மனிதர்.

அந்தப் புரோஸ்டேட் சுரப்பியின் இரண்டு பக்கமும் நரம்பு ஓடுகிறது. நோய் அதில் ஒட்டியிருந்தால் நரம்பையும் வெட்டி எடுக்க வேண்டும், விட்டால் நோய் உள்ளேயே தங்கிவிடும்; வெட்டினால் அதன்பிறகு தாம்பத்தியம் கஷ்டம் என்றார் டாக்டர். எனக்கு அதில் குழப்பமே இல்லை. ஆள் இருந்தால் போதும்.

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நரம்புல கை வைக்கக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஒட்டியிருந்தா?"

"ஒட்டியிருந்தாலும்தான். நான் ஆம்பளையா வெளிய வரணும். நீ நடுவுல பேசாத. துறைமுக யார்டுல கிரேன்காரன் ஒரே ஒருத்தன் காட்டுற சைகையைத்தான் கேட்கணும். ஆளாளுக்குக் கை காட்டினா பாரம் ஆள் மேல விழும். வேற யார் சொன்னாலும் கேட்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் வண்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். "இடது பக்கம் ஒட்டியிருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னபடி நரம்பை விட்டுட்டுத்தான் டாக்டர் எடுக்கப்போறார். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்."

"வெட்டச் சொல்லும்மா. நான் சொல்றேன், வெட்டச் சொல்லு."

"யார் சொன்னாலும் கேட்கக் கூடாதுன்னு அவர்தான்…"

"அவரு மயக்கத்துல கிடக்கறாரு!"

அவள் உள்ளே போனாள். பின்னாலேயே ஓடினேன். கதவு சாத்திக்கொண்டது. அதன் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தேன். தலைப்பக்கம் தாழ்த்திய மேசையில் இவர். மேலே நாலு இயந்திரக் கைகள். டாக்டர் மூலையில், செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி, ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன்.

அவர் திரும்பவில்லை. அவர் விரல்கள் லேசாக அசைந்தன. இவர் மேலிருந்த இயந்திரக் கைகளில் ஒன்று கீழே இறங்கியது.