நாலாவது தடவை நிற்கும் மெஷின்

வாஷிங் மெஷின் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் கதவைத் திறப்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் முதுகுக்குப் பின்னால் மெக்கானிக்கைத் தேடுவார்கள். நான்தான் மெக்கானிக் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பதினோரு வருடமாக இதே பிழைப்பு. அதனால் எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. அதைவிட அதிகமாகத் தலைக்கனம் உண்டு. பின்னால் யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா மட்டும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. "வாங்க மெக்கானிக்கம்மா" என்று நேராக உள்ளே கூட்டிப் போனார். மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவர், அறுபத்தெட்டு வயது. ரத்தம் பரிசோதிக்கும் லேபில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணி ஓய்வு பெற்றவர். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் அவருடையது. துவைக்கிறது, அலசுகிறது, கடைசியில் பிழிய வேண்டிய நேரத்தில் வயிறு நிறையத் தண்ணீரோடு நின்றுவிடுகிறது. இதுதான் புகார்.

இந்த வகை மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை வேகமாகச் சுற்றவே சுற்றாது. அதனால் பிழியவில்லை என்று யார் சொன்னாலும் நான் டிரம்மைப் பார்க்க மாட்டேன், தண்ணீர் வெளியே போகும் வழியைத்தான் பார்ப்பேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு இடுக்கில் அது நின்றது. வழக்கம்போல முதல் வேலையாக அதை வெளியே இழுத்துப் போட்டேன். ஃபில்டரைத் திருகிப் பார்த்தேன், துடைத்து வைத்த மாதிரி சுத்தம். பம்ப் நன்றாக இருந்தது. ஈரத் துணியைப் போட்டு ஓடவிட்டேன். தண்ணீரை மளமளவென்று வெளியே கொட்டிவிட்டு ஜம்மென்று சுற்றியது. திரும்ப இடுக்கில் தள்ளி வைத்தேன். பிறகு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: 'பழுது இல்லை. பயன்படுத்துபவரின் தவறு.'

அந்த அம்மா சீட்டை இரண்டு முறை படித்தார். எந்தத் தவறு என்று கேட்டார். துணியை அதிகம் திணித்திருப்பீர்கள், சோப்புத்தூளை அள்ளிக் கொட்டியிருப்பீர்கள், ஏதோ ஒன்று என்றேன். இரண்டையும் தான் செய்வதில்லை என்றார். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த ஒரு மாதத்துக்குள் எங்கள் கம்பெனியிலிருந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேரும் இழுத்துப் போட்டார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், தள்ளி வைத்தார்கள். சீட்டில் நான் எழுதியதையே ஈயடிச்சான் காப்பி அடித்து வைத்துவிட்டு வந்தார்கள்.

நாலாவது முறை போன் வந்தபோது எங்கள் சூப்பர்வைசர், அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது, அதற்கு மெக்கானிக் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த நல்ல செய்தியை அவரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் நான் இழுத்து இழுத்துப் பேசியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"நீங்க யார் வந்துட்டுப் போனாலும் மூணு தடவை நல்லா ஓடுது. நாலாவது தடவை நிக்குது. நீங்க வந்தப்பவும் அப்படித்தான், அந்த ரெண்டு தம்பிங்க வந்தப்பவும் அப்படித்தான். மூணும் இல்ல, அஞ்சும் இல்ல. நாலு."

போனை வைத்த பிறகு இது என் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. மெஷின் கெட்டுப்போகும், அது அதன் குணம். ஆனால் எண்ணிக்கை வைத்துக்கொண்டு கெட்டுப்போகிற மெஷினை நான் பார்த்ததில்லை. பம்ப் சூடாகி நின்றால் ஒரு நாள் இரண்டில் நிற்கும், ஒரு நாள் ஆறில் நிற்கும். வயர் லூசாக இருந்தால் அதற்குக் கணக்கே கிடையாது. நாலு, நாலு, நாலு என்றால்? சாப்பிடும்போதும் அதே யோசனை, பஸ்ஸிலும் அதே யோசனை. கடைசியில் நானே கூப்பிட்டேன். அடுத்த முறை நின்றால் எதையும் தொடாதீர்கள், தண்ணீரை வடிக்காதீர்கள், துணியை எடுக்காதீர்கள், அப்படியே விட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றேன். இதுவரை நாங்கள் வருவதற்குள் அவர் தண்ணீரை வடித்து, துணியைக் கையால் பிழிந்து காயப்போட்டு, தரையைத் துடைத்து வைத்திருப்பார். வீட்டுக்கு ஆள் வரும்போது அழுக்கு வாளி கிடக்கக் கூடாதாம்.

அடுத்த நாள் காலையிலேயே போன் வந்தது. எனக்கு அன்று விடுமுறை. கம்பெனிக்குச் சொல்லாமல் போனேன்.

மெஷின் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே துண்டுகள் மிதந்தன. நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன், கையை மடியில் வைத்துக்கொண்டேன். மெஷினைப் பார்த்தால் உடனே இழுத்துப் போடும் கை என் கை. அதை அடக்கி வைப்பது லேசான காரியம் இல்லை.

அந்த அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். மகன் மத்தியானம் அட்டைப்பெட்டிகளோடு வருகிறான். மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிட்டார், வீடு முழுக்கப் புகை. அதிலிருந்து அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மெஷின் விஷயம் அதோடு சேர்ந்துகொண்டது.

"பாலை மறந்தது நான்தான், அதை இல்லைன்னு சொல்லல. ஆனா இது மறதி இல்ல மெக்கானிக்கம்மா. அவன் கேக்கறான், அம்மா, மூணு மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்காங்க, உனக்கு மெஷின்கூட ஓட்டத் தெரியல, தனியா எப்படி இருப்பேன்னு. அவன் வீட்டுல என்னை நல்லாத்தான் பாத்துப்பான். ஆனா அங்க ஒரு டம்ளரை எடுக்கணும்னாலும் நான் கேட்டுத்தான் எடுப்பேன். என் புத்தி மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி படுத்துக்கிட்டு சோப்புத்தூள் எத்தனை ஸ்பூன் போட்டேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மூன்று சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. முதல் சீட்டு என் கையெழுத்து. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று கிறுக்கிய ஒரு வரி இங்கே ஒரு மனுஷியின் வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சை மெஷினுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். பின்பக்கச் சுவருக்கும் மெஷினுக்கும் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. தண்ணீரை வெளியே கொண்டுபோகும் குழாய் அந்த ஒரு விரலில் மாட்டி, மிதிபட்ட மாதிரி சப்பையாகக் கிடந்தது. தண்ணீர் எங்கே போகும்?

என்னை நானே திட்டிக்கொண்டேன். இழுத்துப் போட்டதும் குழாய் நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்ந்த குழாயோடு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழுது இல்லை என்று எழுதுகிறோம். பழுதை நாங்களே சரி செய்துவிட்டு, அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று அந்த அம்மாவிடம் சாதித்திருக்கிறோம்.

ஆனால் முதல் தடவை வந்துவிட்டுப் போகும்போது நான் சுவரை ஒட்டித் தள்ளவில்லை. எங்கள் கம்பெனியில் வேலை கற்றுக்கொடுக்கும்போதே சொல்வார்கள், சுவருக்கும் மெஷினுக்கும் நாலு விரல் விட வேண்டும் என்று. கையைச் செருகிப் பார்த்துத்தான் விடுவோம். யார் போனாலும் நாலு விரல்.

இதை வாய்விட்டுச் சொன்னதும் அந்த அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"அப்போ ஒரு தடவைக்கு ஒரு விரல் பின்னால போகுது" என்றார்.

அரை டம்ளர் தண்ணீரை இடுக்கின் வாசலில் ஊற்றினேன். அது யோசிக்காமல் பின்பக்கம் ஓடியது. அங்கே தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்கிறது, தரை அதை நோக்கிச் சரிந்திருக்கிறது. நாங்கள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் வெளியே, சமதரையில். உள்ளே போய்ச் சுற்றும்போது ஒவ்வொரு அதிர்வுக்கும் மெஷின் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்திருக்கிறது. மெஷினுக்கு எண்ணத் தெரியாதுதான். எண்ணக் கற்றுக்கொடுத்தது எங்கள் விரல்கள்.

அப்போதே குழாயை மாற்றிக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சரி செய்துவிட்டால் மகன் இதையும் நம்ப மாட்டான், ஏதோ சமாதானம் சொல்கிறார்கள் என்பான். அவன் கண்ணெதிரே நிற்க வேண்டும் என்றார். லேபில் இருந்தவர் இல்லையா, நிரூபணம் கேட்டார்.

மெஷினை இழுத்து, அதே நாலு விரல் விட்டு வைத்தேன். முன்னங்கால் பக்கத்தில் தரையில் பென்சிலால் கோடு போட்டார். அலசிப் பிழிவதற்கு மட்டும் ஒரு சுற்று உண்டு, இருபத்தைந்து நிமிடம். துண்டுகளோடு அதை ஓட்டினோம். முதல் சுற்று முடிந்ததும் ஒரு விரல். இரண்டாவது சுற்று முடிந்ததும் இன்னொரு விரல். ஒவ்வொரு முறையும் அவர் கீழே குனிந்து கோடு போட்டு, பக்கத்தில் எண் எழுதினார்.

மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது மகன் வந்தார். மடித்த அட்டைப்பெட்டிகள் ஒரு கையில், டேப் இன்னொரு கையில். அம்மாவும் ஒரு அந்நியப் பெண்ணும் தரையில் உட்கார்ந்து மெஷினை வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர் முகம் வாடிப்போனது. நாற்பது வயது ஆள், கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் விவரத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை என்பது தெரிந்தது.

"மேடம், அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்க செய்யறீங்க, எனக்குப் புரியுது. ஆனா ஒரு மெஷின் கரெக்டா நாலாவது தடவைதான் நிக்கும்னா..."

"உக்காருடா" என்றார் அம்மா.

மூன்றாவது சுற்று நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஒரு சிக்கல். இந்த முறை அது முழு விரல் நகரவில்லை, அரை விரல்தான். இன்னும் ஒன்றரை விரல் இடைவெளி பாக்கி இருந்தது. குழாய் நசுங்கியதா இல்லையா என்று முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. அந்த அம்மா பென்சிலோடு குனிந்தார், அரை விரலைப் பார்த்தார், அரை என்றே எழுதினார். மகன் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது சுற்றுக்கு நான் பட்டனை அழுத்தினேன். தண்ணீர் ஏறியது, துண்டுகள் புரண்டன. பழுதாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு மெஷின் முன்னால் நான் உட்கார்ந்தது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று பேரும் பார்த்தோம். அலசல் முடிந்தது. பம்ப் உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்குள் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. ஒரு விரல் இறங்கியது, இரண்டு விரல் இறங்கியது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு எழுந்து போய் அந்த மெஷினை எட்டி உதைத்துப் பின்னால் தள்ளலாமா என்றுகூட இருந்தது.

பிறகு தண்ணீர் இறங்குவது நின்றது. பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது, தண்ணீர் அசையவில்லை. டிரம் சோம்பலாக ஒரு தரம் புரண்டது, மறுபக்கம் ஒரு தரம் புரண்டது. கொஞ்ச நேரத்தில் மூன்று முறை கூவிவிட்டு எல்லாம் அடங்கியது.

மகன் எழுந்து போய்த் தரையில் படுத்தார். சட்டை ஈரமாவதைக்கூடக் கவனிக்காமல் என் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்து நெடுநேரம் பார்த்தார். டிரம் புரண்ட ஆட்டத்தில் மெஷின் பாக்கி அரை விரலும் நகர்ந்து, குழாய் சப்பையாகக் கிடந்தது. எழுந்து வந்து அம்மாவிடம், "எத்தனை நாளா இதைச் சொல்லிட்டு இருக்கே" என்றார்.

"ரெண்டு மாசமா."

"நான் கேக்கவே இல்லைல்ல."

அம்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அதற்கப்புறம் என் வேலை அரை மணி நேரம்தான். முன்னங்காலின் பூட்டு நட் லூசாக இருந்தது, அதை இறுக்கினேன். இடுக்கிலேயே வைத்து மட்டம் பார்த்து, சரிவுக்கு ஏற்றபடி கால்களை ஏற்றி இறக்கினேன். நாலு காலுக்கும் ரப்பர் வைத்தேன். குழாயைப் பின்பக்கம் போக விடாமல் பக்கவாட்டில் கிளிப் போட்டுக் கட்டினேன். மகன் வாளி பிடித்தார், தரையைத் துடைத்தார். இன்னொரு சுற்று ஓட்டினோம். அம்மா கோடு போடக் குனிந்தார். போட்ட கோட்டிலேயே கால் நின்றது.

ஃபிரிட்ஜிலிருந்து என் பழைய சீட்டை எடுத்தேன். 'பயன்படுத்துபவரின் தவறு' என்பதை அடித்துவிட்டு 'மெக்கானிக்கின் தவறு' என்று எழுதினேன். கீழே என்ன பழுது, எப்படி நடந்தது என்று முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்குத் தெரிந்தால் சூப்பர்வைசர் என்னைப் பிழிந்து காயப்போடுவார், போடட்டும். தேதி மட்டும் பாக்கி இருந்தது. இன்றைக்கு என்ன தேதி என்று பொதுவாகக் கேட்டேன்.

"பதினேழு" என்றார் மகன். நானும் பதினேழு என்றே எழுதப் போனேன்.

"பதினெட்டு" என்றார் அந்த அம்மா, ஈரத் துண்டுகளை உதறிக்கொண்டே.

மகன் போனை எடுத்துப் பார்த்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய், தான் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து, திரும்பக் காருக்குக் கொண்டுபோவதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்ட ஆரம்பித்தார். நான் பதினெட்டு என்று எழுதினேன்.