இரண்டரைச் சுற்று

ரேடியோக்காரரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்ன எண்ணில் நிலையம் வராவிட்டால், நிலையத்தைத்தான் இடம் மாற்றிக் கட்டச் சொல்வாராம். கேட்டால் மறுக்கமாட்டார். "ரெண்டு தடவைதான் சொல்லியிருக்கேன்" என்பார், முகம் அசையாமல்.

அன்று காலை அவர் தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார்; அங்கே வால்வு ரேடியோ மேசைமேல் முதுகைத் திறந்துகொண்டு கிடந்தது. நிலையத்தைப் பிடித்துத் தரும் சுருள் பச்சை பூத்து, கம்பி அறுந்திருந்தது. கழற்றிப் பார்த்தவருக்கு எரிச்சல் வந்தது. சுருளுக்குள் இருந்து நிலையத்தை அதனதன் எண்ணில் நிறுத்தும் காந்தத் திருகு அளவுக்கு மீறி உள்ளே போயிருந்தது.

"எவனோ அரைகுறை கை வெச்சிருக்கான், அக்கா."

அக்கா கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

புதுச் சுருளைக் கையாலேயே சுற்றினார். எண்ணும்போது யாராவது இருமினால்கூட முதலிலிருந்து தொடங்குவார். பிறகு அளவுக் கருவியை வைத்து, மூங்கில் குச்சியால் திருகைத் திருப்பினார். இரும்பு கிட்டே வந்தால் சுருள் புத்தி மாறிவிடும். எல்லா நிலையங்களும் அதனதன் எண்ணில் வந்து நின்றன.

செய்தி நேரத்துக்கு அத்தான் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். பார்வை போய் மூன்று வருடம். யார் தயவும் இல்லாமல் அவர் செய்கிற வேலை ரேடியோவில் செய்தி வைப்பது ஒன்றுதான். குமிழை இடதுகோடிக்குத் தள்ளினார், இரண்டரைச் சுற்று திருப்பினார். வெறும் இரைச்சல். மறுபடி கோடி, மறுபடி இரண்டரை. மூன்றாவது தடவையும் இரைச்சல்தான்.

"எனக்குத்தான் கணக்கு மறந்துபோச்சு போல" என்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ரேடியோக்காரர் அக்காவைத் தேடிச் சமையலறைக்குப் போனார். செய்தி இப்போது மூன்று சுற்றில் வருகிறது, அத்தானைப் பழகிக்கொள்ளச் சொல் என்றார். அக்கா முடியாது என்று தலையசைத்தாள். அவருக்குப் புதிதாக எது சொன்னாலும் சாயங்காலத்துக்குள் மறந்துபோய்விடுகிறதாம், டாக்டரும் கைவிரித்துவிட்டாராம்.

"அந்த அரைகுறை யாருன்னு தெரியுமாடா? என் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீதான் சுருள் மாத்தினே. அவசரத்துல வேற ஸ்டேஷனைச் செய்தி ஸ்டேஷன்னு நெனச்சு எண் வெச்சுட்டே. சொல்லாதே, மச்சான் மனசு ஒடிஞ்சிடும்னு அவர் என் வாயை அடைச்சிட்டார். நாப்பது வருஷமா தப்பாவே பழகினது அவர் கை."

தொழிலில் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக வைத்ததில்லை என்று நேற்று வரைக்கும் சொல்லித் திரிந்தவர், குனிந்து அடுப்பைத் தணித்துவைத்தார். அடுப்பு எரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். குமிழை இரண்டரைச் சுற்றில் நிறுத்தி, மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, சரியாக இருந்த திருகை நூல் நூலாகக் கெடுத்தார். இரைச்சல் விலகிச் செய்திக் குரல் தெளிந்தது. இனி ஒருவரும் அசைக்காதபடி மெழுகை உருக்கிச் சொட்டினார்.

"அத்தான், இப்பத் திருப்பிப் பாருங்க."

கோடியிலிருந்து இரண்டரைச் சுற்று. குரல் வந்தது. அத்தானின் தோள்கள் இறங்கின.

"என்னப்பா ஆச்சு அதுக்கு?"

"முன்னாடி ஒரு அரைகுறை கை வெச்சிருந்தான், அத்தான்."

"அவனை ஒண்ணும் சொல்லாதே மச்சான்" என்றார் அத்தான், குமிழிலிருந்து கையை எடுக்காமல். "நல்ல பையன்."

பின்பலகைக்கு நான்கு திருகு. ரேடியோக்காரர் மூன்றைத்தான் போட்டார். நான்காவது அவர் கண்ணில் படவில்லை. மேசைமேல், மூக்குக்கு நேரேதான் கிடந்தது.